சடக் இல்லாத பதினோரு நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

வலது மணிக்கட்டு வலி. நேற்று ஒரு பள்ளியின் ஆண்டு விழா. நாலு மணி நேரம் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றதற்குக் கிடைத்த பரிசு. பெரிய லென்சோடு சேர்த்தால் அது பிறந்த குழந்தையின் எடை. குழந்தையாக இருந்தால் அழும்போது தாயிடம் கொடுத்துவிடலாம். இதை யாரிடம் கொடுப்பது?

"அறுபத்தேழு வயசுல உங்கள யாரு இப்படி நிக்கச் சொன்னா அத்தை?" என்றாள் மருமகள், தைலம் தேய்த்துக்கொண்டே. யாரும் சொல்லவில்லை. அதனால் உட்காரச் சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை.

நோட்டை எடுத்தது வலியைப் பற்றி எழுத அல்ல. குட்டிக்கு நாடகம் கிடைத்துவிட்டது. முழு நாடகத்துக்கும் வெளிச்சம் அவள் பொறுப்பு. மூன்று வருடமாக அந்த அரங்கத்தில் ஏணி பிடித்தாள், ஒயர் சுற்றினாள், அடுத்தவர் சொன்ன பட்டனை அமுக்கினாள். இப்போது சுவரொட்டியில் 'ஒளியமைப்பு' என்று போட்டு அவள் பெயர் வரப்போகிறது. இருபத்து நாலு வயது. என் பேத்தி.

அதே அரங்கத்தில் முப்பத்தோரு வருடமாக மேடைப் படம் எடுக்கிறவள் நான். அவளுடைய முதல் நாடகத்தை நான் எடுக்கப் போகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் இருக்கட்டும். இன்றைக்கு இந்தத் தெருவில் என்னைவிடப் பெரிய ஆள் இல்லை.

மார்ச் 5, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிட்டால் தூக்கம் வரும்.

ஒத்திகைக்குப் போனேன். அக்கா தங்கை கதை. பல வருடமாகப் பேசாத இரண்டு பேர், செத்துப்போன அம்மாவின் வீட்டைக் காலி செய்ய வருகிறார்கள். நாடகத்தின் நடுவில் பதினோரு நிமிடம், மேசையில் எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. ஜன்னல் வெளிச்சம் மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மேசைமேல் மெதுவாக நகர்ந்து போகிறது. அந்த வெளிச்சம்தான் குட்டி செய்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

எட்டாவது நிமிடம். வெளிச்சம் தங்கையின் கைமேல் ஏறியது. அவள் விரல்களை லேசாக விரித்தாள். விடுவேனா? அழுத்தினேன்.

சடக்.

அந்த அமைதியில் கதவைச் சாத்தின மாதிரி கேட்டது. தங்கையாக நடிக்கிற பெண் துள்ளி என் பக்கம் திரும்பினாள். அக்கா சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், சீன் போச்சு.

இயக்குநர் எழுந்து வந்தார். வெயிலோ மழையோ அவருக்கு எப்போதும் ஸ்வெட்டர். அரங்கத்தில் எல்லாருக்கும் அவர் பெயர் ஸ்வெட்டர்தான்.

"அம்மா, உங்க படம் எல்லாம் பாத்திருக்கேன். குறை சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பதினோரு நிமிஷம் வெளிச்சம் மட்டும்தான் பேசணும். நடுவுல உங்க மிஷின் பேசக் கூடாது."

"அப்ப அந்த சீனை விட்டுட்டு மத்ததை எடுக்கறேன் தம்பி."

"அந்த சீன்தாம்மா நாடகம். சத்தமே வராத கேமரா வெச்சிருக்கற ஒருத்தர் இருக்கார். அவர வரச் சொல்லிக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் சரியாக எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. பையை மூடினேன். திரை இழுக்கிறவர், எனக்குச் 'சடக்கம்மா' என்று பெயர் வைத்த மனுஷன், இன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே கண்ணாடி அறையில் குட்டி லைட் பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள்.

முப்பத்தோரு வருஷம். ஒரு சத்தத்துக்கு வெளியேவா? அதுவும் அவ முன்னாடியா? வேற எந்த நாடகமா இருந்தாலும் போய்த் தொலையட்டும்னு விட்டுருப்பேனே. இத எப்படி விடறது?

மார்ச் 6, வெள்ளி

கேமராவில் 'சத்தம் குறை' என்று ஒரு வசதி இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். ஒரு சத்தத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறது. ச... டக்.

துண்டில் சுற்றினேன். கேட்கிறது. கம்பளிக்குள் நானும் கேமராவும் சேர்ந்து புகுந்தோம். அப்போது பார்த்து மருமகள் உள்ளே வந்தாள்.

"அத்தை, காய்ச்சலா?"

"இல்ல. வேலை."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மகனுக்குப் போன் போட்டிருப்பாள்.

மார்ச் 7, சனி

இரண்டு நாளாக அரங்கத்திலேயே கிடந்த குட்டி வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"பாட்டி, மிரர்லெஸ் வாங்கிடு."

"இருக்கறது நல்லாத்தானே இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. வெளிய இருக்கு. உள்ள வர முடியல."

நாக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்தது. வெளிச்சம் என்னிடமிருந்து வந்திருக்கும்.

அவளுக்குச் சொல்லத் தெரியாததை இங்கே எழுதுகிறேன். என் கேமராவுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி சாய்ந்து நிற்கும். லென்ஸ் வழியாக வருவதை அதுதான் என் கண்ணுக்குத் தூக்கிக் கொடுக்கும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே எழுந்து அடிக்கும். அதுதான் சடக். அது எழுந்து நிற்கிற அந்தக் கடுகத்தனை நேரம் எனக்கு இருட்டு. அதாவது, படம் விழுகிற கணத்தை எடுக்கிறவள் பார்ப்பதே இல்லை. இத்தனை வருடமும் என் தொழில் பாடம் இதுதான்: ஒன்றைக் கண்ணால் முழுசாகப் பார்த்துவிட்டேன் என்றால் அது தவறிப்போச்சு. இருட்டில் விழுந்தது என்றால் அது என்னுடையது.

புதுசில் கண்ணாடி கிடையாது. சத்தமும் கிடையாது. ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால் நிஜமான மேடை தெரியாதாம். கடுகளவு டி.வி. ஒன்று தெரியுமாம்.

"டி.வி. பாத்தா படம் எடுக்கறது? வீட்டுல உக்காந்தே பாக்கலாமே."

"முதல்ல பாரு. அப்பறம் திட்டு."

"நீ எனக்காக ஸ்வெட்டர்கிட்ட எதுவும் கேட்டியா?"

"கேட்கல. கேட்டா நீ என்னக் கொன்னுடுவ."

என் பேத்திதான்.

மார்ச் 9, திங்கள்

மருமகளோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் அவளைப் பார்த்தே பேசினார். "மேடம், இதுல கண்ணைத் தானா கண்டுபிடிச்சு போகஸ் பண்ணும், மேடம் இதுல வீடியோ..." மருமகள் பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவள், எல்லாருக்கும் சிரிப்பாள். கால் மணி நேரம் சிரித்துவிட்டு, "எனக்கு போன்லயே கை ஆடும். கேமராக்காரங்க இவங்க" என்று என்னைக் காட்டினாள். அந்த இடத்தில் அவளை எனக்குப் பிடித்துப்போனது.

"படம் விழறப்ப இருட்டாகுமா?" என்று கேட்டேன்.

"நல்ல கேமராம்மா இது. ஏன் இருட்டாகப் போகுது?"

நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை. நானே எடுத்துக் கண்ணில் வைத்தேன். கை லேசாகிவிட்டது, அதையே முதலில் நம்ப முடியவில்லை. கடைக்காரர் முகத்துக்கு நேராக வைத்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். சத்தம் இல்லை, இருட்டு இல்லை, ஒன்றும் இல்லை. "வேலை செய்யலையே தம்பி" என்று சொல்லிக்கொண்டே அழுத்திப் பிடித்தேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். அவருடைய மூக்கு, நூற்று எண்பத்தாறு படம்.

வாங்கவில்லை. மாதக் கடைசி வரை வாடகைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். வாங்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியது நான், கடை இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுக்கக் கேமரா சொல்லிக் கொடுத்தது. ஐ.எஸ்.ஓ. தெரியும். 'கார்டு ஃபுல்' தெரியும். 'எரர்' மிக நன்றாகத் தெரியும். பழைய கேமராவில் எது எந்தப் பக்கத்தில் எத்தனையாவது வரி என்பது விரலுக்கு மனப்பாடம். புதுசைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஓடுகிறது. உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொண்டேன்.

சிவப்புப் பக்கம், மூன்றாவது வரி: சத்தம் நிறுத்த.
நீலப் பக்கம், கடைசி: 'பீப்' வாயை மூட.
அதற்கு மேல் வரி: முன்னால் எரிகிற குட்டிச் சிவப்பு விளக்கை அணைக்க.
பச்சைப் பக்கம், கடைசிக்கு முந்தினது: தெரியவில்லை. ஒரு அலை மாதிரி படம் போட்டிருக்கிறது. கேள்விக்குறி.

மாலைக்குள் பேட்டரி செத்துவிட்டது. பழையதை நான் அணைத்ததே கிடையாது. வெள்ளிக்கிழமை சார்ஜ் போட்டால் திங்கள் வரை கிடக்கும். இது பார்த்துக்கொண்டிருந்தாலே சாப்பிடுகிறது. டி.வி. அல்லவா. இனி எடுக்காதபோது அணைக்க வேண்டும். கையில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: அணை.

மார்ச் 12, வியாழன்

ஸ்வெட்டரிடம் நானே போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார். முகத்துக்கு முன்னால் கேமராவை வைத்தேன். பேசிக்கொண்டே இருந்தேன். பேசி முடித்ததும், "இருபது படம் எடுத்துட்டேன் தம்பி" என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்தார். திருப்பிக் காட்டினேன். இருபது ஸ்வெட்டர்.

"செவ்வாய் ஒத்திகைக்கு வாங்கம்மா. ஆனா ஒண்ணு. ஒரு சத்தம் வந்தாலும் நீங்களா எழுந்து போயிடணும். அந்த இன்னொருத்தர ரெண்டாவது நாளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டும்."

படி இறங்கும்போது முட்டி வலிக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

சத்தம் வரவில்லை. ஒரு மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. பதினோரு நிமிடமும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எடுத்தேன். ஸ்வெட்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முதல் நாள் வரலாம் என்று அர்த்தம். திரைக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து மகனுடைய கம்ப்யூட்டரில் போட்டேன்.

கோடு. எல்லாப் படத்திலும் கோடு. பாயை விரித்த மாதிரி, கறுப்பும் வெளுப்புமாக, மேலிருந்து கீழ் வரைக்கும். தங்கை முகத்தில் ஏழு கோடு. மேசையில் வெளிச்சம் விழுகிற இடத்தில், குட்டியோட வெளிச்சத்து மேலேயே கோடு. நானூறு படம். ஒண்ணுகூட உருப்படியில்ல.

சத்தமா எடுத்தா வெளியே போகச் சொல்றாங்க. சத்தமில்லாம எடுத்தா படம் இல்ல. நான் என்னதான் பண்றது? நாளைக்கு இதைக் கொண்டுபோய்க் கடையில் எறிந்துவிட்டு வரப்போகிறேன். அந்த இன்னொருத்தரே எடுக்கட்டும். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து பார்க்கிறேன், எல்லாப் பாட்டிகளையும் போல.

மார்ச் 18, புதன்

எறிவதற்குத்தான் போனேன்.

கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் சொன்னார், "கேமராவுல ஒண்ணும் இல்லம்மா. அந்த லைட் சரியில்ல. எவனோ தெரியாதவன் போட்டிருக்கான்."

வாயில் வந்ததை எழுத மாட்டேன். கேமராவை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தெருமுனை வரை வந்த பிறகுதான் தெரிந்தது, திருப்பிக் கொடுக்க வந்ததை நானே தூக்கிக்கொண்டு நடக்கிறேன் என்று.

குட்டியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. புது விளக்குகள் எல்லாமே நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறதாம். சத்தமில்லாமல் எடுக்கும்போது கேமரா படத்தை ஒரே மூச்சில் எடுக்காதாம், மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்குமாம். அது படிக்கிற வேகமும் விளக்கு இமைக்கிற வேகமும் ஒத்துப்போகாவிட்டால் கோடு.

"லைட்ல ஒரு செட்டிங் மாத்தினா போயிடும் பாட்டி. நான் மாத்திடறேன்."

"மாத்தினா உன் வெளிச்சம் அப்படியே இருக்குமா?"

"சாயங்காலம் இறங்கி வர்ற இடத்துல லேசா துள்ளும். யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். தொடாத. என் கேமராவுக்காக உன் வெளிச்சத்துல கை வெச்சேன்னா உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்."

"நீ எங்க வீட்டுலதானே இருக்க பாட்டி."

"அப்ப இறங்க மாட்டேன்."

மார்ச் 20, வெள்ளி

பிடித்துவிட்டேன்.

விடியற்காலை விழித்துக்கொண்டு படுத்தபடியே யோசித்தேன். செவ்வாய்க்கிழமை எடுக்கும்போது கண்ணுக்குள் லேசாக அலை மாதிரி ஓடியது. கண்ணில் நீர் என்று நினைத்து, முந்தானையால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். வயசாச்சு என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அங்கேதான் தப்பு. கண்ணாடிக் கேமராவில் உள்ளே தெரிவது வெளியே இருப்பது. அதில் கோடு தெரிந்தால் கண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும். இதில் உள்ளே தெரிவது படமே. கோடு தெரிந்தால் படத்தில் கோடு. பாவம், அது பதினோரு நிமிடமும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அலை. அப்போதுதான் நோட்டில் கேள்விக்குறி போட்ட வரி ஞாபகம் வந்தது.

பத்து மணிக்கு அரங்கம் காலியாக இருந்தது. குட்டி மேலே போய் ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் போட்டாள். பச்சைப் பக்கம், கடைசிக்கு முந்தின வரி. திறந்தேன். கண்ணில் வைத்தேன். கோடுகள் வரிசையாக நின்றன. சக்கரத்தை ஒரு பல் திருப்பினேன். கோடுகள் கீழே ஊர்ந்தன. இன்னொரு பல். இன்னும் மெதுவாக. பல் பல்லாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு. கோடு அகன்றது, அகன்று வெளிறியது, பிறகு ஒரு பல்லில் காணாமல் போனது.

மேசை. மேசைமேல் வெளிச்சம். அவ்வளவுதான்.

படம் விழுகிற நேரம்: ஒரு நொடியை நூற்று இருபத்தைந்தாகவும் இன்னும் கொஞ்சமாகவும் வெட்டினால் வருகிற எண். புள்ளி போட்டு எழுதியிருக்கிறது. எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். தினமும் எழுதிக்கொள்கிற 'அணை'க்குப் பக்கத்தில்.

"குட்டி, நீ காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஓட்டு."

ஓட்டினாள். ஒரு கோடு இல்லை. மேலே இருந்து மைக்கில் கேட்டாள், "என்ன மாத்தின?"

"உன் வெளிச்சத்துல ஒண்ணும் மாத்தல. என்னத்தான் மாத்திக்கிட்டேன்."

கொஞ்சம் பெரிய வார்த்தைதான். காலி அரங்கம் என்பதால் சொன்னேன்.

மார்ச் 22, ஞாயிறு

பழைய லென்சைப் புதுக் கேமராவில் மாட்ட ஒரு வளையம் கொடுத்தார் கடைக்காரர். மகன் கல்யாணத்துக்குக்கூட நான் மோதிரம் போட்டுக்கொண்டதில்லை, கேமராவுக்குப் போட்டுவிட்டேன். கடைக்காரரை மன்னித்துவிட்டேன். லைட் போட்டது என் பேத்தி என்று சொன்னபோது மனுஷனுக்கு வியர்த்துவிட்டது.

மதியம் மருமகள் சோபாவில் தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து ஐம்பது படம் எடுத்தேன். எழுந்திருக்கவில்லை. அவள் பூனை நடந்தாலே விழித்துக்கொள்கிறவள். சத்தப் பரீட்சையில் கேமரா தேறிவிட்டது.

படத்தைக் காட்டினேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறாள்.

"அத்தை, இது வெளிய போச்சுன்னா உங்க தைலத்த நீங்களேதான் தேச்சுக்கணும்."

அழித்துவிட்டேன். ஒன்றைத் தவிர.

மார்ச் 26, வியாழன்

பேட்டரி மூன்று. கார்டு இரண்டு. பீப் அணைத்தாச்சு. சிவப்பு விளக்கு அணைத்தாச்சு. கறுப்புச் சேலை தேய்த்தாச்சு. நாளைக்கு.

மார்ச் 28, சனி

காலை. நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். காப்பியை மேசையில் வைத்துவிட்டு மருமகளே கதவைச் சாத்திக்கொண்டு போனாள். "எழுதுங்க, எழுதுங்க."

மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. அரங்கம் நிறைந்திருந்தது. குட்டியைப் பார்க்கவில்லை, அவள் மேலே. கீழே இருந்து கையைத் தூக்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை தெரிந்த மாதிரி இருந்தது.

முதல் பாதி நன்றாகப் போனது. சண்டை, அழுகை, பீரோவைத் திறந்து சாமான்களை வீசுவது. பிறகு இரண்டு பேரும் மேசையில் வந்து உட்கார்ந்தார்கள். காலை வெளிச்சம் விழுந்தது.

அத்தனை பேர் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. பின்வரிசையில் யாரோ எச்சில் விழுங்குவது கேட்டது. கண்ணில் வைத்தேன். கோடு இல்லை. எடுக்க ஆரம்பித்தேன்.

எட்டாவது நிமிடம். வெளிச்சத்தின் ஓரம் தங்கையின் கையைத் தொட்டது. ஒத்திகையில் அவள் விரலை விரிப்பாள், அதற்குத்தான் காத்திருந்தேன். நேற்று விரிக்கவில்லை. கையை அப்படியே வைத்திருந்தாள். அக்கா, நாடகம் முழுக்கத் தங்கையின் முகத்தைப் பார்க்காதவள், அந்த வெளிச்சம் போகிற வழியில் இருந்த தன் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். வெளிச்சம் தங்கை மேல் முழுசாக விழட்டும் என்று. நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். அரைப் பார்வைகூட இல்லை.

அழுத்தினேன்.

பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். டம்ளர் நகர்ந்தது, கண் நிமிர்ந்தது, நடுவில் ஒரு மயிரிழை இருட்டுகூட இல்லை.

பார்த்துட்டேனே. பார்த்தா போச்சுன்னுதானே அர்த்தம்? முப்பத்தோரு வருஷமா அதுதானே? விரல் அழுத்திச்சா, நான் வாயப் பொளந்துட்டு சும்மா பாத்துட்டு இருந்தேனா? எடுத்ததைப் பார்க்க இருட்டில் கேமராவின் பின்பக்கத் திரையைத் திறந்தால் வெளிச்சம் அடிக்கும், திறக்க முடியாது. மீதி மூன்று நிமிடமும், அதற்குப் பிறகு முக்கால் மணி நேரமும் அதே நினைப்பில் எடுத்தேன்.

கைதட்டல் ஓயவே இல்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள். நடிகைகள் கையை மேலே நீட்டிக் குட்டி இருந்த அறையைக் காட்டினார்கள். அத்தனை தலையும் திரும்பியது. அதையும் எடுத்தேன். அதில் பாதிப் படம் ஆடியிருக்கிறது, அது கேமராவின் தப்பு இல்லை.

ஸ்வெட்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

"என்னம்மா, இப்பத்தான் வர்றீங்களா? என் மேல கோவம்தானே? நானே கூப்பிட்டிருக்கணும். அந்த சீன்ல ஒரு படம்கூட இல்லாம போச்சே."

"தம்பி, நான் ஆரம்பத்துலேருந்து இங்கதான் இருக்கேன்."

"எங்க?"

"மூணாவது வரிசை. உங்களுக்கு முன்னாடி."

"நான் காத வெச்சுட்டே இருந்தேனே. ஒரு சத்தமும் வரல. நீங்க வரலன்னு நெனச்சுட்டேன்."

அந்த ஒரு பேச்சுக்கு நான் எத்தனை பூமாலை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன்.

கேமராவின் திரையைத் திறந்தேன். தள்ளிக்கொண்டே போனேன். கை. வெளிச்சத்தின் ஓரம். டம்ளர். அடுத்தது.

இருந்தது. டம்ளர் மேசையைத் தொடுவதற்கு முன்னால், அக்காவின் கண் நிமிர்ந்திருக்கிறது, வெளிச்சம் தங்கையின் மணிக்கட்டில். நான் பார்த்தது அப்படியே இருந்தது. பார்த்ததும் என்னுடையது, விழுந்ததும் என்னுடையது.

ஸ்வெட்டர் வாங்கிப் பார்த்தார். போட்டிருந்த ஸ்வெட்டரின் கைகளை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு போனை எடுத்து அந்த இன்னொருத்தரிடம் நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னார்.

குட்டி கடைசியாகத்தான் இறங்கி வந்தாள். தலையெல்லாம் தூசி. படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என் வெளிச்சம் இப்படியா பாட்டி இருந்துச்சு?"

"ஏன், நீ பாக்கலையா?"

"எங்க பாக்கறது. பலகையில நம்பரைத்தான் பாத்துட்டு இருந்தேன். ஒரு நொடி தலையத் தூக்கினா தவறிடும்."

இத்தனை வருடம் நானும் அப்படித்தானே இருந்தேன். அவள் தலையில் இருந்த தூசியைத் தட்டினேன்.

"நான் பாத்தேன்டி," என்றேன். "முழுசா பாத்தேன்."

ஏப்ரல் 2, வியாழன்

கேமராவை வாங்கிவிட்டேன். பழையதைக் கடையில் கொடுத்தேன். கண்ணீர் வரும் என்று கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். வரவில்லை. பசிதான் வந்தது. மருமகளும் நானும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அரங்கத்து வாசலில் புதுச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். டம்ளர் படம், ஆள் உயரத்துக்கு. கீழே 'ஒளியமைப்பு' என்று அவள் பெயர், 'புகைப்படம்' என்று என் பெயர். ஒரே அளவு எழுத்து. நான் அதை ஒரு படம் எடுத்தேன். எதிரே டீக்கடையில் இருந்தவர்களிடம் அது என் பேத்தி என்று சொன்னேன். அவர்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னேன்.

திரைக்காரருக்கு ஒரே கவலை. "இனிமே உங்கள என்னன்னு கூப்பிடறது? சடக் போச்சே."

"நீங்களே யோசிங்க. வெச்சது நீங்கதானே."

உள்ளே நடந்தேன். பின்னாலேயே குரல் வந்தது. "பரவாயில்ல, செருப்பு சத்தம் போடுது. அதே பேர் இருக்கட்டும்."

ஏப்ரல் 21, செவ்வாய்

ஸ்வெட்டரின் அடுத்த நாடகம். வெளிச்சம் குட்டிதான். இன்றைக்கு முதல் ஒத்திகை. ஒரு சீனில் மேடை முழுக்க இருட்டு, ஒரு தீக்குச்சி மட்டும்.

ஒத்திகை முடிந்து விளக்கு வந்ததும் மேலே இருந்து மைக்கில் குட்டி கூப்பிட்டாள்.

"பாட்டி, எங்க இருக்க? ஆளையே காணோம்."

"மூணாவது வரிசை."

"தீக்குச்சி சீன் எடுக்கணும்னா சொல்லு, மறுபடி ஒரு தடவை போடச் சொல்றேன்."

"வேண்டாம். எடுத்தாச்சு."